கன்னத்தில் மட்டும் வெள்ளை

12-9-94, திங்கள்

தூறல். அடுத்த வாரம் காலாண்டுப் பரீட்சை. கணக்கு தலையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வருசத் திதி. படத்தைத் துடைக்க இறக்கினேன், கை நழுவிக் கண்ணாடி போச்சு. தூள் ஒட்டியிருந்ததால் ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்பு வெள்ளைப் போட்டோ, மேலே கையால் கலர் போட்டது. சேலைச் சிவப்பு அப்படியே இருக்கிறது. இடது கன்னத்துக் கலர் மட்டும் துணியோடு வந்துவிட்டது. அடியில் ஏதோ கறுப்பு.

அத்தையிடம் கண்ணாடி உடைந்ததை மட்டும் சொன்னேன். "உங்கப்பன் வரட்டும், இருக்குது உனக்கு."

படம் இப்போது என் பாவாடைகளுக்கு அடியில்.

13, செவ்வாய்

ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய். பஸ் ஏறி டவுனில் கலர் போட்ட ஸ்டுடியோ. பாய் படத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தேச்சுக் குளிப்பாட்டினீங்களா?"

கலர் ஊறின தாளை வெட்டித் தண்ணீரில் கரைத்துப் பூசுவார்களாம். அது போட்டோவுக்குள் இறங்கிவிடும், போகாது. அடியில் இருப்பதையும் மறைக்காது. "வெள்ளை கலந்தாத்தான் மறைக்குமுங்க. ஆனா அது மேலயே நிக்கும். தண்ணி பட்டா வந்துரும்."

"யாருங்க மறைக்கச் சொன்னது?"

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கப்பா பக்கத்துலயே நின்னு பாத்துத்தான் வாங்கிட்டுப் போனாருங்க."

திங்கட்கிழமைதான் போட்டுத் தர முடியுமாம்.

14, புதன்

நானே பூசிக்கொள்ள பாய் கொடுத்தது: வெள்ளை ஒரு பொட்டலம், ரோஸ் தாள், மஞ்சள் தாள், நகமளவு. பிரஷ் பள்ளிக்கூடத்தது.

இந்தப் படம் சித்தப்பா கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அம்மாவுக்கு வேறு படம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னோம். நானும் சொன்னேன்.

வழுக்கி விழுந்தால் நாலு விரல் பதியுமா.

எல்லோரும் தூங்கினபின் பூசினேன். முதல் பூச்சில் கோடுகள் தெரிந்தன. காய்ந்தபின் இரண்டாவது. மூன்றாவதில் மறைந்துவிட்டது. நானே மறைத்தேன். அப்படியே விட்டிருக்கலாம். பயம்.

16, வெள்ளி

வெயில். வடை தீய்ந்துபோச்சு. கண்ணாடி நாளைக்குத்தான் வருமாம், வெறும் படத்துக்கே மாலை.

அத்தை: "அப்படியே இருக்கறா பாரு, மகராசி." பொட்டு வைக்கச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு படத்துக்குக் கை நீட்டினாள்.

அப்பா அந்தக் கையைப் பிடித்தார். "வேண்டாங்கக்கா. ஈரம் பட்டா வந்துரும்."

பிறகு அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லாப் போட்டிருக்கற கண்ணு."

தலையில் கை வைத்தார். அசையாமல் நின்றேன்.