நடுங்காத கோடு

ஜூன் 3, புதன்

இன்று என் பேரரசுக்கு ஒரு நோயாளி வந்தது. பேரரசு என்றால் பதினெட்டடிக்கு இருபதடி, தகரக் கூரை, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் ஒரு ரோலர், ஒரு லேப்டாப், நான். மோட்டார் சைக்கிளின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் எத்தனை துளி பெட்ரோல் என்று சட்டம் எழுதுகிற ஆள் மூவுலகிலும் நான் ஒருவன்தான். (நாலாவது தெருவில் இன்னொருத்தன் இருக்கிறான். அவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

வண்டி என் அக்கா மகளின் கணவனுடையது. மாப்பிள்ளைக்கு எப்போதும் சிரித்த முகம்.

"பிக்கப்பே இல்ல மாமா. ஆறாயிரம் தாண்டும்போது மூச்சடைச்ச மாதிரி திக்குது, அப்புறம் எகிறுது. நேத்து லாரிக்கு முன்னாடி திக்கிடுச்சு. கொன்னுடும் போல." சொல்லிக்கொண்டே டாங்க்கில் ஓங்கி ஒரு குத்து. தகரம் உள்ளே போனது. சிரிப்பு அப்படியே இருந்தது.

வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வாலு என்றால் என் மருமகள், அதாவது இவர் மனைவி. ஐந்து வயதில், தூங்கிக்கொண்டிருந்த என் மீசைக்கு கிரீஸ் தடவியவள். பெயர் அன்று வைத்தது.

"ஞாயித்துக்கிழமை படியில வழுக்கிட்டா மாமா. கவனமே கிடையாது."

இது மூன்றாவது வழுக்கல். அந்த வீட்டுக்கு மொத்தமே இரண்டு படி.

ஜூன் 4, வியாழன்

ப்ளக் சுத்தம். ஏர் ஃபில்டர் சுத்தம். பெட்ரோல் பம்பின் அழுத்தம் என் ரத்த அழுத்தத்தைவிட ஒழுங்கு. காற்று எங்கும் கசியவில்லை. ரோலரில் ஏற்றி முறுக்கினேன். சிங்கம் போல உறுமி வந்தது, ஆறாயிரத்தில் செருமியது, கிழட்டு ஆடு போல. பத்து தடவை ஏற்றினேன். பத்து தடவையும் அதே இடம்.

நாளைக்குள் பிடிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகச் சபதம். (போன மாதமும் இதே சபதம். மீசை இருக்கிறது.)

ஜூன் 5, வெள்ளி

பிடித்துவிட்டேன். மீசை பிழைத்தது.

மேப் என்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும், கட்டம் போட்ட ஒரு பெரிய அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சினின் சுற்று, ஒரு பக்கம் ஆக்சிலேட்டர் திறப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு பெட்ரோல் என்று ஓர் எண். ஓடிப் பழகும்போது வண்டி தானாகவே அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துக் கற்றுக்கொள்ளும். இந்த வண்டியில் எல்லா எண்ணும் சமர்த்து. ஒரே ஒரு கட்டம் மட்டும், ஆறாயிரம் சுற்று, பதினான்கு சதவீதத் திறப்பு, அங்கே மட்டும் பெட்ரோலைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறது. சமவெளியில் தோண்டிய குழி. வண்டி அந்தக் குழியில் விழுந்து எழுந்துதான் திக்குகிறது.

வண்டி இப்படி ஒரு பாடத்தைக் கற்க வேண்டுமென்றால் அதே இடத்தில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும், காற்றுப் படாமல், கொதிக்கக் கொதிக்க. எந்தப் பைத்தியம் அப்படி ஓட்டும்?

ஜூன் 6, சனி

எழுத்து கோணலாக வருவதற்கு மன்னிக்கவும் — யாரிடம் கேட்கிறேன், என்னிடமே.

போன வருடம் கல்யாணப் பரிசாக இந்த வண்டியில் ஒரு பதிவுக் கருவி பொருத்தியிருந்தேன். மாப்பிள்ளைக்கு அது இருப்பதே தெரியாது. நாள், நேரம், வேகம், சுற்று, எல்லாம் அதில் இருக்கும். இன்று அதைத் திறந்தேன்.

மே 3, ஞாயிறு, மதியம் இரண்டு பத்து. நியூட்ரல். வேகம் பூஜ்யம். சுற்று ஆறாயிரம். பதினோரு நிமிடம். சூடு நூற்றுப் பத்து டிகிரி.
மே 10, ஞாயிறு. ஒன்பது நிமிடம்.
மே 17, ஞாயிறு. பதினான்கு நிமிடம்.
மே 24 — ஒன்றும் இல்லை. அன்று வாலு அக்கா வீட்டில் இருந்தாள்.
மே 31, ஞாயிறு. இருபத்திரண்டு நிமிடம்.

திரையில் ஆக்சிலேட்டர் கோட்டைப் பார். நேர்கோடு. ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. முப்பது வருடமாக இந்தக் கோடுகளைப் பார்க்கிறேன். மனுஷக் கை பிடித்தால் கோடு நடுங்கும், என் கையே நடுங்கும். இது கை இல்லை. போய்ப் பார்த்தேன். வலது கைப்பிடி ரப்பரில் சுற்றிலும் ஒரு தடம். கயிறு.

கயிற்றால் ஆக்சிலேட்டரைக் கட்டிவிட்டு, அந்தக் கை எங்கே போனது?

மே 31. அவள் படியில் வழுக்கிய நாள்.

ஜூன் 6, மாலை

அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைக் காட்டினேன்.

"டேய், குளியலறையில தவளையப் பார்த்துட்டு முதலைன்னு ஊரக் கூட்டினவன்தானே நீ? வண்டி பேசுதுங்கற. நாளைக்கு ஸ்பேனர் பாடுச்சும்ப."

"அக்கா, இத நான் சொல்லல. இது மெஷின்."

"மெஷினுக்கும் நீதானே வாத்தியார்."

ஐம்பத்திரண்டு வருடம் ஈயை யானையாக்கினேன். இன்று நிஜ யானை வந்து நிற்கிறது. என் வாயிலிருந்து வந்தால் எல்லாருக்கும் அது ஈ.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். பொண்ணு வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள்.

ஜூன் 8, திங்கள்

நேற்று வாலு வீட்டுக்குப் போனேன். பதினாறு பேரை ஒரே கையால் வீழ்த்தும் உத்தேசத்துடன். அங்கே இருந்தது ஒருத்தர்தான்.

வாலு கதவைப் பாதி திறந்தாள். கழுத்தில் நாலு விரல் தடம், மஞ்சளும் நீலமுமாக. "போயிடுங்க மாமா" என்றாள், சத்தமில்லாமல். "வா என்னோட" என்றேன். பின்னால் மாப்பிள்ளை வந்தார், சிரித்துக்கொண்டே. அதே சிரிப்புடன் என் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதில் முன்பல் போய்விட்டது. கீழே விழுந்த பிறகு விலாவில் உதை. நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.

வாயில் ரத்தத்தோடு தெருவில் கேட்டேன். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வண்டிச் சத்தம்தாங்க கேக்கும். வேற ஒண்ணும் கேட்டதில்ல." எதிர் வீட்டில் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். "எனக்குக் காது மந்தம் தம்பி."

பொய் சொல்லவில்லை அவர்கள். அதற்குத்தானே அந்த வண்டி.

ஜூன் 10, புதன்

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்று ஒரு மேப் எழுதினேன். என் வாழ்நாளின் மிக நேர்த்தியான வேலை. எண்பதுக்கு மேல் போய், முழுசாக முறுக்கும்போது, மூன்று நொடி பெட்ரோல் வராது. லாரியை முந்தும்போது மனுஷன் முழுசாகத்தான் முறுக்குவான். மூன்று நொடி போதும். சக்கரத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே தட்டினேன். தலை நசுங்குகிற சத்தம்கூட யோசித்தேன். பசி எடுத்தது. சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு வாலு போன் செய்தாள். பக்கத்தில் அவர் நிற்கிறார், குரலிலேயே தெரிந்தது.

"வண்டி எப்ப மாமா ரெடியாகும்? சனிக்கிழமை அவங்க அம்மா வீட்டுக்குப் போகணுமாம். என்னையும் பின்னால ஏத்திட்டு."

போனை வைத்துவிட்டு அந்த மேப்பை அழித்தேன். சரியாக அழிந்ததா என்று பதினைந்து தடவை பார்த்தேன். இது கூட்டிச் சொன்னதல்ல. பதினைந்துதான், எண்ணினேன்.

ஜூன் 11, வியாழன்

குழியை நிரப்பிவிட்டேன். வண்டி ரோட்டில் வெண்ணெய் மாதிரி போகும்.

இன்னொரு வரியும் சேர்த்தேன். நியூட்ரலில் நின்றால், எவ்வளவு முறுக்கினாலும் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டாது. கட்டிப் போட்டாலும் முனகும், கத்தாது.

இதனால் ஒரு அடிகூடக் குறையப் போவதில்லை. சத்தம்தான் குறையும்.

ஜூன் 12, வெள்ளி

மாப்பிள்ளை வந்து வண்டியை எடுத்துப் போனார். "அன்னைக்குக் கொஞ்சம் கோவம் மாமா. மனசுல வெச்சுக்காதீங்க." என் தோளைத் தட்டினார். "பறக்கும் மாப்பிள்ளை" என்றேன், பல் இல்லாத வாயால்.

ஜூன் 14, ஞாயிறு

கண்டக்டர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் மொபெட்டைப் பார்க்கிறேன் என்று சாக்கு. மடியில் டார்க் ரெஞ்ச், போல்ட்டை அளவோடு இறுக்கும் இரும்பு, முழங்கை நீளம். மூன்று மணி, நாலு மணி. ஒன்றும் நடக்கவில்லை.

நடக்கவில்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது. என்ன பிறவி நான்?

ஜூன் 22, திங்கள்

நேற்று, மறுபடியும் கண்டக்டர் வீட்டில். வரிசையாக எழுதிவிட வேண்டும்.

இரண்டு ஐந்துக்கு மாப்பிள்ளை வண்டியை ஸ்டார்ட் செய்தார். முறுக்கினார். ஆயிரத்து எண்ணூறில் நின்று முனகியது. திரும்பத் திரும்ப முறுக்கினார். கெட்ட வார்த்தை. டாங்க்கில் குத்து. அணைத்துவிட்டு உள்ளே போனார். கதவுத் தாழ்ப்பாள்.

ஒரு நிமிடம் தெருவே அமைதி. தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டது. முதலில் அடி, ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. பிறகு அவள்.

மந்தக் காது கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, அந்தப் புள்ளையாடா?" சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து, நாற்பது பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஊதினார். தையல்காரம்மா பெரிய கத்திரிக்கோலுடன் ஓடிவந்தார். நாங்கள் மூவருமாக, கண்டக்டர் வாசலில் கிடந்த பெஞ்சைத் தூக்கிக் கதவில் மோதினோம். நாலாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

வாலு தரையில் இருந்தாள். இடது கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் கையில் ஹெல்மெட்.

டார்க் ரெஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும், போதும் என்று. எனக்குள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. முதல் அடி முழங்கையில். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும், இப்போது தெரியும். இரண்டாவது தோளில். மூன்றாவதற்குத் தலைக்கு மேல் ஓங்கியபோது தையல்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கிவிட்டார். "போதும் அண்ணே. புள்ளையத் தூக்குங்க."

தூக்கினேன். எடையே இல்லை.

ஜூன் 25, வியாழன்

ஸ்டேஷன். அவர் கைதாகிவிட்டார், கட்டுப்போட்ட கையோடு. ரெஞ்சுக்காக என் மேலும் ஒரு வழக்கு. நியாயம்தான்.

தெருவிலிருந்து ஏழு பேர் வந்து எழுதிக் கொடுத்தார்கள். நான் அச்செடுத்துக் கொண்டுபோன பதிவுத் தாள்களை இன்ஸ்பெக்டர் புரட்டினார்.

"என்ன இது, நேர்கோடு?"

"கை இல்லைங்கறதுக்குச் சாட்சி சார்."

விளக்கினேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், நாலே வாக்கியத்தில். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் தாளை வாங்கி, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். வெளியே வந்து என் கன்னத்தில், பல் போன பக்கம், கையை வைத்தாள்.

ஜூலை 1

வாலு மூன்று வாய் சாப்பிட்டாள்.

ஜூலை 9, வியாழன்

வாலு கடைக்கு வந்திருந்தாள், கையில் மாவுக்கட்டு. ஒரு வாடிக்கையாளர் வண்டியை முறுக்கியதும் வலது கையால் ஒரு காதைப் பொத்தினாள். இன்னொரு காதுக்குக் கை இல்லை. நான் ஓடிப்போய் வண்டியை அணைத்தேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூட்ரல் வரியை, அதை எழுதிவிட்டுக் காத்திருந்ததை, எல்லாம் சொன்னேன்.

"எத்தனை நாள் காத்திருந்தீங்க?"

"ஒன்பது."

ஒரு போல்ட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் கத்தறத மாசக்கணக்கா விட்டுட்டேன் மாமா. அந்தச் சத்தத்துல கத்தி என்ன. அன்னைக்கு வண்டி நின்னதும் தையல் மெஷின் ஓடறது கேட்டுச்சு. அந்தம்மாவுக்கு என் சத்தமும் கேக்கும்னு அப்பத்தான் தோணுச்சு."

அப்புறம், "அந்த ஒன்பது நாள மறக்க மாட்டேன்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

போகும்போது வாசலில் நின்று, அணைத்து வைத்திருந்த வண்டியைக் காட்டினாள். "வேலையப் பாருங்க. நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்."

ஸ்டார்ட் செய்தேன். மெதுவாகத்தான் முறுக்கினேன். திரையில் கோடு நடுங்கிக்கொண்டே ஏறியது.