காரணம்: மற்றவை

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம், உங்கள் நலமறிய ஆவல். நீங்கள் கொடுத்த பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் எடையில் நூறு கிராம்கூடத் தள்ளுபடி கிடையாது.

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. எடை இயந்திரத்தைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். வீட்டில் அங்கேதான் தரை சமமாக இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். படிவங்களும் உறைகளும் என் புத்தக அலமாரியில். அம்மாவின் எண் 214. "அப்போ எனக்குப் பேரு வச்சது வீணா? கூடப் பொறந்தவளுக்கே நான் இருநூத்திப் பதினாலா?" என்று அம்மா கேட்டாள். நோயாளியின் பெயர் வெளியே தெரியாமல் இருக்கத்தான் எண் என்று விளக்கினேன். அப்படியும் இரண்டு நாளாக நான் கூப்பிட்டால், "இருநூத்திப் பதினாலு குளிச்சிட்டிருக்கு" என்றுதான் பதில் வருகிறது.

அம்மாவின் இதயத்தால் ரத்தத்தை முழுதாகத் தள்ள முடிவதில்லை, அதனால் உடம்பில் நீர் சேர்கிறது, அதை வெளியேற்றத் தினமும் காலையில் நீர் மாத்திரை போட வேண்டும். இவ்வளவு எனக்குத் தெரியும். ஆய்வின் தலைப்பைத்தான் நான்கு முறை படித்தேன். "நாள்பட்ட இதய நோயாளிகளிடம் ஆபத்துக் காரணிகளும் விளைவுகளும்." காரணி புரிகிறது. விளைவு என்றால் என்ன சித்தி? சாவுதானே? அதை ஏன் நேராக எழுதவில்லை?

அப்பா லாரியில் போயிருக்கிறார். இன்னும் பத்து நாள் ஆகும் திரும்ப.

உங்கள் அன்பு,
பூதக்கண்ணாடி


ஜூன் 21

என் செல்லப் பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையைச் சோதித்த இடத்தில் எங்கள் பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். இந்த ஆய்வில் ஐந்நூறு வீடுகள். உன்னைப்போல ஒரு ஆள் வீட்டுக்கு வீடு இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

விளைவு என்றால் சாவு மட்டும் இல்லையடி, மக்கு. நன்றாக இருப்பதும் விளைவுதான். உன் அம்மா அந்தக் கட்டத்தில் வருவாள்.

போனில் அவள் எனக்கு ஒரே வரியைத்தான் ஒப்பிக்கிறாள்: "நல்லா இருக்கேன்டி, வை." அதனால்தான் உன்னைப் பிடித்தேன். வாரா வாரம் படிவத்தை உறையில் போட்டு ஒட்டி அலுவலக முகவரிக்கு அனுப்பு. எனக்கு எழுதுவதைத் தனியாக என் வீட்டுக்கு எழுது. பதில் தாமதமானால் கோபிக்காதே. ஊர் ஊராகச் சுற்றுகிறேன். சில நாள் சாப்பாடே பேருந்தில்தான்.

அன்புடன்,
சித்தி


ஜூலை 14

அன்புள்ள சித்திக்கு,

இதுவரை ஐந்து உறைகள் அனுப்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனதால் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். முப்பது தையல் இயந்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அம்மா சட்டைக்குக் காலர் தைக்கிறாள். வரிசையின் கோடியில் ஒரு ஆணி, அதில் ஒரு சிவப்பு அட்டை. இந்த மாதம் புது மேலாளர் வந்த பிறகு அந்த அட்டையை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டுமாம். போனவர் வந்து மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். ஒரே ஆள் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால் மேற்பார்வை அக்கா நோட்டில் குறித்துக்கொள்வாராம். அந்த அக்கா விரைவில் வேலையை விடப்போகிறார். அடுத்தது அம்மாதான் என்று பேச்சு. பன்னிரண்டு வருடம் காத்திருந்த வேலை. "எனக்குக் கெடைக்கட்டும், மொத நாளே அந்த ஆணியில இன்னொரு அட்டை மாட்டுறேன்," என்கிறாள்.

இனி எழுதுவது சிக்கலான விஷயம். அம்மா தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஒரு விஷயத்தை உங்களிடமோ அப்பாவிடமோ சொல்லக் கூடாது என்று. அம்மாவின் தலைமேல் செய்த சத்தியத்தை மீற எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் படிவத்தில் பதினொன்றாம் கேள்வி, "இந்த வாரம் நீர் மாத்திரை எத்தனை நாள் தவறியது?" பன்னிரண்டாம் கேள்வி, "காரணம் என்ன?" உண்மையை எழுதுவேன் என்று உங்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் யோசித்தேன். கடிதத்தில் எழுதினால் அது உங்களிடம் சொல்வது. படிவத்தில் எழுதினால் அது பதில் மட்டுமே. எனவே படிவத்தில் எழுதிவிட்டேன். காரணத்துக்கு நான்கு கட்டங்கள்தான் இருந்தன: மறதி, மாத்திரை தீர்ந்தது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவை. மற்றவைக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவு கோடு. அதற்குள் அடங்கும்படி நுணுக்கி எழுதியிருக்கிறேன்.

தயவுசெய்து பதினொன்றையும் பன்னிரண்டையும் பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களாகவே அம்மாவிடம் பேசுங்கள்.

உங்கள் அன்பு,
பூதக்கண்ணாடி


ஆகஸ்ட் 25

அன்புள்ள சித்திக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வேலை அதிகம் என்று தெரியும், குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைதான்.

அம்மா இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறாள். ஏழாம் கேள்வியில் எழுதியிருக்கிறேன். ஜூனில் ஐம்பத்தெட்டு கிலோ, இன்று காலை அறுபத்தொன்றரை. நீல மையில்தான் எழுத வேண்டும் என்று போட்டிருந்தாலும் எடையின் கீழே சிவப்பில் கோடு போட்டுவிட்டேன், மன்னிக்கவும். செருப்பு வார் காலில் ஏறாததால் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படிகள். எட்டாவது படியில் நின்று எதிர்ச் சுவரை வேடிக்கை பார்க்கிறாள். அந்தச் சுவரில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை.

"டாக்டர்கிட்ட போலாம்மா," என்றால், "உன் சித்தி ஆபீசே என்னைப் பாத்துட்டு இருக்கே, அப்புறம் என்ன?" என்கிறாள்.

பதினொன்று, பன்னிரண்டு. பார்த்தீர்களா இல்லையா? ஒரு வரி போதும் சித்தி.

உங்கள் அன்பு,
பூதக்கண்ணாடி


செப்டம்பர் 3

என் செல்லப் பூதக்கண்ணாடிக்கு,

கோபமா? ஆறு வாரமாக ஒரு இடத்தில் உட்கார நேரமில்லை. உன் இரண்டு கடிதங்களும் மேசையில் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தன.

உன் படிவங்களை எல்லாம் பார்த்தேன். கச்சிதம். கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு நாள் மாத்திரை தவறினால் குடி முழுகிப் போகாது. எங்கள் ஐந்நூறு பேரும் செய்கிற திருட்டுத்தனம்தான் அது. உன் அம்மா சின்ன வயதிலேயே மருந்தைத் தொட்டியில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறவள். வயதான பிறகு கொஞ்சம் எடை போடத்தான் செய்வாள். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் பரீட்சைக்குப் படி.

தெளிவாக எழுதுகிறாய். பெரியவளானால் என்னோடு ஆய்வுக்கு வந்துவிடு.

அன்புடன்,
சித்தி


அக்டோபர் 6

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு முன்பெல்லாம் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் படிக்கட்டுவரை துரத்துவேன். அவள் என்னை "ஜெயில் வார்டன்" என்பாள். இப்போது துரத்துவதில்லை. காலையில் சண்டை இல்லாமல் இருவரும் சிரித்துக்கொண்டே கிளம்புகிறோம்.

அம்மாவுக்கு மேற்பார்வை வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே இன்னொரு அட்டை கேட்டாளாம். மேலாளர் சிரித்துவிட்டு, அட்டையைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். இப்போது நோட்டு அம்மாவின் கையில். அடுத்தவர்களைக் குறிக்கிறவள் தானே அடிக்கடி எழுந்து போனால் யார் மதிப்பார்கள் என்று அவள் நாற்காலியை விட்டு அசைவதே இல்லை.

எடை அறுபத்து நான்கு. இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறாள். தலையணை என்ற கேள்விக்கு எத்தனை என்று போடுவது? "சுவர்" என்று எழுதியிருக்கிறேன்.

பரீட்சையில் அறிவியலில் முதலிடம்.

உங்கள் அன்பு,
பூதக்கண்ணாடி


நவம்பர் 28

என் செல்லத்துக்கு,

உன் அம்மாவை வழியனுப்பிவிட்டு அங்கிருந்து திரும்பிப் பதினாலு நாள் ஆகிறது. எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. என் அக்கா தொழிற்சாலை நாற்காலியிலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்தாள் என்பதை யாரிடமும் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஐந்நூறு பேரை எண்ணிக்கொண்டிருந்தேன், சொந்த அக்காவைக் கோட்டை விட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ குழந்தை. ஆனாலும் மனது கேட்கவில்லை, எழுதுகிறேன். ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலை நாள் ஒன்றில்கூட அவள் மாத்திரை போடவில்லை என்று, உன் அப்பா அந்த நிறைந்த டப்பாக்களை எடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா. அந்த வீட்டில் வேறு யாரை நான் நம்பினேன்?

இன்னொரு விஷயம், இப்போது கேட்பது தவறுதான். ஆய்வின் விதிப்படி கடைசிப் படிவம் ஒன்றை நிரப்பி, எடை இயந்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். நான் வெளியூரில் இருப்பேன். அலுவலகத்தில் பதிவு செய்கிற தம்பி இருப்பார். அப்பாவோடு போய்க் கொடுத்துவிடு.

அன்புடன்,
சித்தி


டிசம்பர் 12

சித்திக்கு,

இன்று மதியம் நானும் அப்பாவும் உங்கள் அலுவலகத்துக்குப் போனோம். நீங்கள் இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

பதிவு செய்கிறவர் நல்ல மனிதர். அப்பாவுக்கு நாற்காலி போட்டார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார். எடை இயந்திரத்தைத் துடைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை மற்ற இயந்திரங்களோடு அடுக்கினார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேலே 214 என்று சீட்டு. இருபத்திரண்டு உறைகள். என் கையெழுத்து. எல்லாம் நான் பசை தடவி ஒட்டியபடியே இருந்தன.

இவற்றை ஏன் திரும்ப ஒட்டினீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

"ஒட்டலைம்மா, இன்னும் பிரிக்கவே இல்லை," என்றார். "ஆய்வு முடியிற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. நடுவுல பாத்துட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும், கணக்கு கெட்டுடும். உங்க சித்திகூடத் தொட மாட்டாங்க. அவங்கதான் இதுல ரொம்பக் கண்டிப்பு."

உங்களைப் பெருமையாகத்தான் சொன்னார். செப்டம்பர் மூன்றாம் தேதி நீங்கள் "எல்லாம் பார்த்தேன், கச்சிதம்" என்று எழுதியபோது இவற்றில் பன்னிரண்டு உறைகள் அந்த அலமாரியில் இருந்தன.

இறந்தவர்களுடையதை மட்டும் முன்கூட்டியே பிரிக்கலாமாம். என் முன்னாலேயே பிளேடால் ஒவ்வொன்றாகக் கீறினார். அப்பா ஒரு படிவத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தார். எழுத்து பொடியாக இருந்ததால் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். ஜூலை முதல் வாரத்திலிருந்து அந்த விரல் அளவு கோட்டில் நான் எழுதியது இதுதான்: "வேலை நாளில் போடுவதில்லை. போட்டால் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும். முப்பது பேருக்கு ஒரே அட்டை. தெரிந்தால் அப்பா வேலையை விடச் சொல்வார்." ஆகஸ்ட் கடைசியில், "யாராவது வந்து அம்மாவிடம் பேசுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை." உங்கள் கடிதம் வந்த பிறகு, "முன்பு எழுதியதேதான்" என்று மட்டும்.

"உனக்குத் தெரியுமா?" என்று அப்பா கேட்டார்.

தெரியும் என்றேன். அவர் படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

பதிவு செய்கிறவர் எண்களைத் தட்ட ஆரம்பித்தார். எடை, தலையணை, தவறிய நாட்கள். பன்னிரண்டாம் கேள்விக்கு நான்கு என்று தட்டினார். அடுத்த படிவத்துக்கும் நான்கு. பக்கத்தில் எழுதியிருக்கிறதே, அது எங்கே போகும் என்று கேட்டேன்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. மற்றவைன்னா நாலு. அவ்வளவுதான்."

பத்தொன்பது தடவை நான்கு. நான் எண்ணினேன். "சுவர்" என்று நான் எழுதிய இடங்களைக் காலியாக விட்டார். கடைசிப் படிவத்தில் விளைவு என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. நான் டிக் போட்ட கட்டத்துக்கு மூன்று என்று தட்டினார்.

நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். பத்தொன்பது தடவை சொன்னேன். சத்தியத்தையும் காப்பாற்றினேன், உண்மையையும் எழுதினேன்; இரண்டையும் செய்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு, அதை உங்கள்மேல் போட மாட்டேன். ஆனால் பார்க்கவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நான் மாத்திரையோடு துரத்துவதை நிறுத்தியிருக்க மாட்டேன். என் மனம் குளிரத்தான் "பார்த்தேன்" என்று எழுதியிருப்பீர்கள். குளிர்ந்தது. அன்றிலிருந்து அம்மாவை நான் ஒருநாளும் துரத்தவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஐந்து மணிக்கு அவர் கட்டை மறுபடி ரப்பர் பட்டையால் சுற்றி, "முடிந்தவை" என்று எழுதிய அட்டைப்பெட்டியில் போட்டார். அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். நான் என் பேனாவை எடுத்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.