கடைக்குத் தலை முளைத்த வாரம்

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை பத்தேகால் மணிக்கு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒச்சம்மாள் தார்ப்பாய் ஸ்டோர்ஸ் என்னும் எங்கள் கடைக்குத் தலை முளைத்தது. டிஜிட்டல் தலை. லெட்டர்ஹெட்டாம். இனிமேல் கடைக் கடிதமெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, மேலே அந்தத் தலையை வைத்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் போகும்.

வெயில். ரோட்டில் தார் உருகுகிறது. கடையில் தார்ப்பாய் நகரவில்லை.

தலையைச் செய்தவன் சரவணன். அத்தை மகன், உசிலம்பட்டி, பி.காம்., லீவுக்குக் கடையில் ஒத்தாசை. இனி இந்த நோட்டில் அவன் வெறும் ச. முழுப் பெயர் எழுதி மையை வீணாக்கத் தயாரில்லை.

போன வாரம் வரை கடைக் கடிதம் எழுதியது யார்? நான். பிரஸ்ஸில் அடித்த பேடில், என் கையால். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா நீட்டுவார்: "எம்மகன் எழுத்து, பாருங்க." ப்ளஸ் டூவில் பாதி வகுப்புக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தவன் நான். ஆளுக்கொரு அப்பா, அப்பாவுக்கொரு எழுத்து. ஒருத்தனும் மாட்டவில்லை. எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். இந்த விஷயத்தில் வைகைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் எனக்குப் போட்டி இல்லை.

முதல் கடிதம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லுக்கு. அறுபது தார்ப்பாய்க்கு விலை கேட்டிருக்கிறார்கள். முதல் கடிதம் என்பதால் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கணும் என்றார் அப்பா.

"மாமா, இது பேப்பரே இல்ல."

"அப்ப எதுலடா வைக்கிறது?"

கடைசியில் மானிட்டருக்கு நாலு மூலையிலும் மஞ்சள். புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 4, புதன்

வெயில், கூடவே புழுக்கம்.

லெ.ஹெ. பற்றி என் ஆய்வறிக்கை:
1. கடைப் பெயர் டைப் எழுத்து இல்லை. எவனோ கையால் எழுதியதை நீலக் கலரில் ஏற்றியிருக்கிறது.
2. எழுதியவனுக்குக் கையில் சுளுக்கு.
3. 'தா'வின் கால் நொண்டுகிறது. 'ஸ்' மேல் புள்ளி கிடையாது, பூசணிக்காய்.
4. மொத்தத்தில் கோழி கிளறிய குப்பை.

ச.விடம் நேராகவே சொன்னேன். "மச்சான், இந்தப் பேர எழுதுனது எந்தக் கோழி?"

விழுந்து விழுந்து சிரித்தான். "ஒனக்குக் கொழுப்பு மாப்ள" என்றான். ரோஷமே இல்லாத பயல்.

மத்தியானம் அப்பா ஸ்க்ரீன் முன்னால் நின்று தனக்குத்தானே சொன்னது, மூட்டை மறைவிலிருந்து நான் கேட்டது: "எழுத்து எம்புட்டு அழகா இருக்கு!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரண்டு தட்டு. மூன்றாவதுதான் இறங்கவில்லை.)

சாயங்காலம் பழைய பேடையெல்லாம் நாலாக வெட்டி, பண்டலில் சைஸ் குறிக்க வைத்துவிட்டார்கள். என் பேடு. நான் எழுத வேண்டிய பக்கங்களில் '18க்கு 24' என்று ச. எழுதிக்கொண்டிருக்கிறான். தலை வந்தது கடைக்கு, தலைவலி எனக்கு.

ஜூன் 5, வியாழன்

ச. ஊரில் இல்லை. அவன் வீட்டு மாடு கன்று போட்டதாம், காலை பஸ்ஸில் உசிலம்பட்டி போய்விட்டான். மாட்டுக்கு நன்றி.

பத்து மணிக்கு மில்லிலிருந்து செய்தி. விலை சரி, சரக்கு என்றைக்கு வரும் என்று எழுத்தில் கொடுங்கள் என்று. அப்பா என்னைப் பார்த்தார். "கதிரு, நீயே அடிச்சு அனுப்பிரு. சரவணன் வச்சிருக்க தலையில அடி."

அடித்தேன்.

தலையிலும் அடித்தேன். கோழி எழுத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததிலேயே தடியான எழுத்தில் கடைப் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே பொடியாக ஒரு வரி: 'மழைக்கு நாங்கள் பொறுப்பல்ல.' தார்ப்பாய்க் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் உண்டா?

சேவ். பிடிஎஃப். அனுப்பியாச்சு. இனி எந்தக் கடிதம் திறந்தாலும் அந்த வரி வரும். அப்பா ஒருநாள் கண்ணாடி போட்டுப் படிப்பார். தலை யாருடையது? ச.வுடையது. திட்டு யாருக்கு? தலைக்கு உரியவருக்கே.

நாள் முழுக்கச் சிரிப்பு. அம்மா: "என்னடா, பேய் புடிச்சிருச்சா?"

ஜூன் 6, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ச. திரும்பி வந்தான், சீம்பாலோடு. எனக்கென்று தனி டப்பா. வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை. (தின்றேன்.)

பதினொன்றரைக்கு மில் கணக்கப்பிள்ளை போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஒங்க பேர்ல வேற எவனும் லெட்டர் அனுப்புறானா? செவ்வாக்கெழம ஒரு தல, நேத்து ஒரு தல. மழைக்குப் பொறுப்பில்லன்னு வேற போட்டுருக்கு. மொதலாளி ஆர்டர நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாரு."

அப்பா முகம் விழுந்தது. மூன்று மாதத்தில் வந்த ஒரே பெரிய ஆர்டர்.

கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். என் தடி எழுத்து, என் பொடி வரி. ச. அதைப் படித்தான், என்னைப் பார்த்தான். அப்பா ச.வைத்தான் கேட்டார், நான் போட்ட திட்டப்படியே: "என்னடா சரவணா இது? தலையில வெளையாடுறதா?"

அவன் அப்போதும் காட்டிக் கொடுக்கவில்லை. "பழைய தலையவே போட்டு இப்பவே அனுப்பிர்றேன் மாமா" என்றான். தேடினான். இல்லை. நான்தான் அதன் மேலேயே சேவ் செய்துவிட்டேனே.

அப்பா மேசை டிராயரை இழுத்தார். ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்தார். மார்க்கரில் எழுதிய கடைப் பெயர். நொண்டி 'தா'. பூசணி 'ஸ்'.

"இத மறுபடி போட்டோ புடி. பத்திரம்டா. கதிரு எட்டாவது படிக்கையில எழுதுனது. ஒண்ணுதான் இருக்கு."



ச. என் காதில்: "ஒன் எழுத்த நீயே கிண்டல் பண்றன்னுல்ல மாப்ள நெனச்சேன்!"

ஜூன் 7, சனி

விடியற்காலை சின்னத் தூறல். யாரும் பொறுப்பேற்கவில்லை.

மில்லிலிருந்து காலையிலேயே பதில். "இதான்ணே ஒங்க தல. சரக்க ஏத்துங்க." அப்பா மானிட்டருக்கு மறுபடியும் மஞ்சள் வைத்தார்.

அதற்கு முன்பே, ஷட்டரைத் தூக்கும்போது, நான் வாயைத் திறந்துவிட்டேன். "அப்பா, அந்த மழை வரி சரவணன் போட்டதில்ல. நான்."

"தெரியும்" என்றார். "அந்தக் குசும்பு அவனுக்கு வராது." அப்புறம் பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "எழுத்த ஏன்டா எடுத்த?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே, யாரும் பார்க்காத இடத்தில்: ஊரார் அப்பாக்களின் எழுத்தெல்லாம் அத்துப்படி என்றேன். எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வேன் என்றேன். மூன்று நாள் கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. சரவணா, முழுப் பெயரையும் எழுதிவிட்டேன், போதுமா?

அந்தக் கோழி நான்தான்.