சிவனேஸ்வரி கேட்டது

கிளிநொச்சி
20.1.1963

அன்புள்ள கமலா,

ஆண்டவருடைய தயவில் சுகமாயிருக்கிறேன். முழங்கால் மட்டும் அந்தத் தயவுக்கு வெளியே நிற்கிறது. புது வருடத்துக்கு நீ ஒரு வரிகூடப் போடவில்லை. அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்ததிலிருந்து தலைமை ஆசிரியைகளுக்கு எழுத்துவேலை கூடிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் வாய்க்காலில் நெல் மஞ்சளாகிவிட்டது. உன் தம்பி தவராசாவோடு கதைத்தால் இப்போது வயலில் இறங்கும் பன்றிக் கதைதான்.

ஒரு செய்தி இருக்கிறது. தவராசா எழுதுவதற்கு முன் நான் எழுதவேண்டும். அவன் மனைவி சிவனேஸ்வரி ஞானஸ்நானம் கேட்கிறாள்.

நான் தூண்டவில்லை, கமலா. அவள் மகள் அருந்ததி நெருப்புக் காய்ச்சலில் போன பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் நான் வேதப்புத்தகத்தைத் திறக்கவேயில்லை. உன் மச்சாளோடு இருந்து நெல் புடைத்தேன், அவ்வளவுதான். ஒருநாள் அவளாகவே கேட்டாள்: "அக்கா, உங்கடை ஆக்களின்ரை பிள்ளையள் செத்தால் எங்கை போகும்?" சொன்னேன். ஆண்டவர் மடியில் இருக்கும், இனிக் காய்ச்சலில்லை, பசியில்லை என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் ஒரு கோப்பை சோறு முழுவதும் சாப்பிட்டாள்.

இந்தக் குடியேற்றங்களில் பத்தொன்பது வருடம் வேதம் சொல்லி நடந்துவிட்டேன். எல்லாரும் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, தலையாட்டிக் கேட்பார்கள். "நல்ல கதை, வேதக்கார அக்கா. அடுத்த கிழமையும் வாங்கோ." பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இயேசுவுக்கும் ஒரு ஆணி அடிப்பார்கள். ஒருவராவது கோபித்துத் துரத்தியிருந்தால் நான் சொன்னது காதில் விழுந்தது என்றாவது தெரிந்திருக்கும். இவள் ஒருத்திக்குத்தான் விழுந்திருக்கிறது.

கோபிப்பாய். கோபித்தாலும் எழுது.

உன்
சுசிலா


வவுனியா
27.1.1963

சுசிலா,

உன் கடிதமும் தம்பியின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அவன் மூன்று வரிதான் எழுதியிருந்தான். "அக்கா, உங்கடை சிநேகிதி எண்டபடியால்தான் கதவு திறந்தனாங்கள். நான் ஒருவரையும் பேசேல்லை. நீங்கள் ஒருக்கால் யோசியுங்கோ." அவன் பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனது நான். விடுதியில் ஏழு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அவளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

சைவத்துக்காக நான் வழக்காட வரவில்லை. உன் கடவுளோடும் தம்பியின் பிள்ளையாரோடும் எனக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது உனக்குத் தெரியும். என் பயம் சின்னப் பயம். அங்கே நெல் அறுக்கிற அருவி வெட்டுக்கு ஆளுக்கு ஆள் மாறித்தான் போகிறார்கள். வெட்ட வந்தவர்களுக்குச் சோறு போடுவது வீட்டுக்காரி. வேதத்துக்கு மாறினவள் கையால் அவர்கள் வாங்கிச் சாப்பிடாவிட்டால் அவன் வயலில் யார் இறங்குவது? தகப்பனில்லாத காலத்தில் நான் படிக்கவைத்தும் படிக்காமல் மண்ணை நம்பிப் போனவன் அவன். பிள்ளையை இழந்தான். ஊரையும் இழக்கவேண்டுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். அவள் உன் ஆண்டவரை நம்புகிறாளா, அல்லது பிள்ளையைத் தேடுகிறாளா? உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம்.

கமலாசனி


கிளிநொச்சி
24.2.1963

அன்புள்ள கமலா,

அருவி வெட்டு முடிந்தது. நீ பயந்தபடி நடக்கவில்லை. பக்கத்து வயல் கிழவர் ஏரம்பு மூன்று மகன்மாரோடு வந்து வெட்டினார். சிவனேஸ்வரி சோறு போட, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "பிள்ளை, நீ எந்தக் கோயிலுக்கும் போ. கறிக்கு மட்டும் உப்புப் போட்டுட்டுப் போ." நெடுநாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். ஞானஸ்நானம் முடிந்த பிறகும் அவர் இப்படிச் சொல்லுவாரா என்பது எனக்குத் தெரியாது.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. பல்கலைக்கழகம் முடித்தவள் நீ. என்னைக் கேட்டால், தேடாமல் யார் நம்புகிறார்கள்?

இப்போது வேறொன்று வந்திருக்கிறது. தவராசா அவளிடம் சொன்னான்: "நீ எந்தத் தண்ணியிலையும் முழுகு. நான் மறிக்கேல்லை. அதுக்கு முதல் பிள்ளையின்ரை ஆட்டைத் திவசத்துக்கு உன்ரை கையாலை ஒரு இலை படைச்சுப்போட்டுப் போ." இவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் திவசம் செய்வதில்லை என்று ஐயர் சொல்லிவிட்டாராம். அவனுக்கு ஐயர் வேண்டாம். ஒரு வாழையிலை, ஒரு விளக்கு, பிள்ளைக்கு விருப்பமான பயற்றம் பணியாரம், அதுவும் தாயின் கையால். வேறொன்றும் கேட்கவில்லை.

போதகரைக் கேட்டேன். செத்தவர்களுக்குப் படைக்கிறவளை உயிர்த்த ஞாயிறன்று ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துவரவேண்டாம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

அவள் என்னைக் கேட்கிறாள்: "அக்கா, சமைக்கட்டோ?" போதகரிடம் போய்க் கேட்கமாட்டாளாம். "நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்" என்கிறாள். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு நாளாக ஜெபிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். ஆட்டை அடுத்த மாதம் பதினேழாம் திகதி.

சுசிலா


வவுனியா
1.3.1963

சுசிலா,

சமைக்கச் சொல்.

எட்டு வயதில் போன பிள்ளைக்குத் தாய் பணியாரம் சுடுவதால் எந்தக் கடவுள் சிறுத்துப்போவார்? அப்படிச் சிறுத்துப்போகிறவரை நீ இவ்வளவு தூரம் சுமந்து திரிந்திருக்கத் தேவையில்லை. அவள் புருஷன் கேட்டது ஒரேயொரு இலை. அதை மறுத்துவிட்டு அவள் தொட்டிக்குள் இறங்கினால் வாழ்நாள் முழுவதும் அந்த இலைதான் இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

போதகர் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல். உனக்குச் சொல்ல வராது என்றால் பேசாமலிரு.

நீ கேட்டாய், நான் சொன்னேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

கமலாசனி


கிளிநொச்சி
24.3.1963

அன்புள்ள கமலா,

சமைக்கச் சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி அக்கா" என்றாள்.

பதினேழாம் திகதி காலையில் போனேன். பயறு வறுத்து இடித்தாள். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். உருட்டி, மாவில் தோய்த்து, ஒன்றும் உடையாமல் சுட்டெடுத்தாள். தவராசா இலை போட்டு விளக்கேற்றினான். பிள்ளை போன அன்றுகூட அழாதவன், அன்றைக்குச் சுவரில் தலையை வைத்து வாய்விட்டு அழுதான். உன் யோசனை சரியென்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

அவள் அழவில்லை. குசினியில் பணியாரம் சுட்ட தாச்சியைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அவளுக்கு இனிப் பசியில்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப இந்தப் பணியாரம் ஆருக்கு?"

"தவராசாவின்ரை மனம் ஆறத்தானே, பிள்ளை."

"அவர் கேட்டவர், அவருக்குச் சரி. நீங்கள் ஏன் தேங்காய் துருவினனீங்கள்?"

அவள் தாச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவரோடை சண்டை பிடிக்கவும் ஆயத்தமாய்த்தான் இருந்தனான். நீங்கள் வேண்டாம் எண்டிருந்தால், அவள் அங்கை வயிறு நிறைஞ்சுதான் இருக்கிறாள் எண்டு எனக்கு வடிவாய்த் தெரிஞ்சிருக்கும். இப்ப உங்களுக்கும் தெரியாது போலை."

கோபமாகச் சொல்லவில்லை. ஞானஸ்நானம் வேண்டாமாம். போதகருக்குச் சொல்லிவிடச் சொன்னாள். வெளிக்கிடும்போது எனக்கும் இரண்டு பணியாரம் கடதாசியில் சுற்றித் தந்தாள்.

சுசிலா


வவுனியா
18.4.1963

அன்புள்ள சுசிலா,

வருடப்பிறப்பு விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன். நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள்.

தம்பி நன்றாக இருக்கிறான். அவனுக்கு மனப்பாரம் ஏதோ இறங்கிவிட்டது, சாப்பிடுகிறான், ஏரம்புவோடு பகிடிகூட விடுகிறான். சிவனேஸ்வரிதான் திரும்பவும் சாப்பிடுவதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, தன் கோப்பையைக் கோழிக்குக் கொட்டுகிறாள். கேட்டால் "பசியில்லை, மச்சாள்" என்கிறாள்.

இரண்டாம் நாள் கிணற்றடியில் கேட்டாள்: "மச்சாள், நீங்கள் கனக்கப் படிச்சனீங்கள். என்ரை பிள்ளை எங்கை?"

இருபத்திரண்டு வருடமாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. "சுசிலா சொன்ன இடத்திலைதான் இருக்கிறாள். ஆண்டவரின்ரை மடியிலைதான்" என்றேன். நானா சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் துலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "விடுங்கோ மச்சாள். நீங்கள் பொய் சொல்லிப் பழகாத ஆள்."

சுசிலா, நான் பிழை விட்டுவிட்டேன். அந்த இலை அவர்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கும் என்றுதான் யோசித்தேன். அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவில் கிடக்கும் என்று யோசிக்கவில்லை. தயவுசெய்து ஒருமுறை போ. போய்ச் சொல். ஞானஸ்நானம் எடுக்கட்டும், தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றைச் சொல்லும்படி உன்னைக் கேட்கிறேன் என்பது எனக்கு விளங்குகிறது. நான் சொன்னால் பொய். நீ சொன்னால் பொய்யல்ல.

பதில் எழுது.

உன்
கமலா


கிளிநொச்சி
12.5.1963

அன்புள்ள கமலா,

போனேன். செம்பில் தண்ணீர் தந்தாள், கதிரை போட்டாள். வெயிலைப் பற்றியும் சிறுபோக விதைப்பைப் பற்றியும் கதைத்தோம். நான் தொடங்க வாயெடுத்ததும், "அக்கா, எங்கடை தண்ணி முறை வந்திட்டுது. வரம்பு பாக்கோணும். நீங்கள் இருந்து ஆறிப்போட்டுப் போங்கோ" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் படலையில் திரும்பி, "அடுத்த கிழமையும் வாங்கோ" என்றாள். மற்ற வீடுகளில் எப்படிச் சொல்லுவார்களோ, அப்படியே.

போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்டிக்கவில்லை. கொஞ்ச நாளுக்கு வேறு வாய்க்கால் பக்கம் நடக்கச் சொன்னார். நடக்கிறேன்.

நீ பிழை விட்டதாக எழுதியிருந்தாய். இல்லை, கமலா. நீ நம்புவதை நீ சொன்னாய். உனக்கு நான் மறைக்கக்கூடாது: அருந்ததிக்குப் பசியில்லை என்பதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தேங்காய் துருவும்போதும் நம்பிக்கொண்டுதான் துருவினேன். ஆனால் சிவனேஸ்வரிக்குப் பதில் சொல்ல ஆண்டவரிடம் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்த எனக்கு, உன் கடிதம் வந்த பிறகு ஒரு மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை. உன் எழுத்து எனக்கு எப்போதும் அப்படித்தான். விடுதியிலும் அப்படித்தான். நீ சொன்னால் எனக்கு அது உடனே தெளிவாகிவிடும்.

இந்த வேலையில் இருக்கிறவளுக்கு அது ஆகாது. அதனால் இனி நீ எழுதவேண்டாம் என்று கேட்கிறேன். எழுதினால் நான் பிரித்து வாசிப்பேன், எனக்கு அதைத் தடுக்கத் தெரியாது. ஆகவே நீதான் நிறுத்தவேண்டும்.

கோபத்தில் இதை எழுதவில்லை. உன்னைத் தவிர இந்தப் பத்தொன்பது வருடத்தில் எனக்கு ஒருவரும் கடிதம் போட்டதில்லை.

அவளைப் பார்க்க மாதம் ஒருமுறை ரயில் ஏறு. பதில் ஒன்றும் சொல்லாதே. அவள் சாப்பிடுகிற நேரம் பக்கத்தில் இருந்து நீயும் சாப்பிடு.

சுசிலா