தோடம்பழத்தின் ஆரை

1983, நோன்பு 12, இரவு.

"உப்பில எக்ஸ்-கதிர் ரெண்டு அயனிட நடுவுக்கும் இடையில உள்ள தூரத்தத்தானே காட்டும்? அதில சோடியத்திட பங்கு எவ்வளவு, சேர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். நாளை சொல்வதாகத் தப்பினேன்.

நோன்பு திறக்கப் பலகாரம் வந்த பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதென்று, என் மனைவி நஸீமா அதில் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்களை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் பேரீச்சம்பழம் வைத்தாள். அவள் கணக்கு டீச்சர். கேள்வியைச் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, பெரிசுகள் ஒண்டோடொண்டு முட்டுது. அந்தத் தூரத்தில பாதிதான் ஒண்டிட ஆரை. அதக் கழிச்சுச் சின்னத்திட ஆரைய எடுக்கலாமே."

சின்ன இலிதியத்தைச் சுற்றிப் பெரிய அயடைட்டுகள் முட்டி நிற்கும் இலிதியம் அயடைட்டு அப்படியான உப்புத்தான். அயடைட்டின் ஆரை தெரிந்தால், ஒவ்வோர் உப்பாகப் பொற்றாசியம், அதிலிருந்து குளோரைட்டு, கடைசியில் சோடியம் எல்லாம் வெறும் கழித்தல். வியந்து நின்றேன்.

தட்டை மூடிக்கொண்டே கேட்டாள்: "உப்புக்குள்ள பெரிசுகள் முட்டுதெண்டு ஆரு கண்ட?"

நாளை அந்தப் பிள்ளையும் இதைத்தான் கேட்பாள். வகுப்புக்கு இவளையே கூட்டிப்போக வேண்டியதுதான்.