இரண்டு தடவை தூக்கிய கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் புத்தியைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நம் தெருவுக்கு அடியில் செம்புத் தாது இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்த்தார்களே, இருக்கிறதாம். போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மேலிருந்து பெரிய குழியாக வெட்டி அள்ளுவதா, ஓரமாக இறங்கிச் சுரங்கம் போடுவதா, தெருக்காரர்கள் சொல்லலாம் என்றார்கள். குழி என்றால் நம் வீடு போகும், வேறு வீடு தருவார்கள். பார்வை போனதிலிருந்து உன் அப்பா இந்தச் சுவரைத் தடவித்தானே குளியலறைக்குத் தனியாகப் போய் வருகிறார், புது வீட்டில் மனுஷன் என்ன செய்வார்? சுரங்கம் என்றால் வீடு தப்பும், ஆனால் உன் தம்பி உள்ளே இறங்குவான். துளைக்கருவி ஓட்டப் படித்துவிட்டு அதற்குத்தான் காத்திருக்கிறான். மேலேயே லாரி ஓட்டேன்டா என்றால், பயந்தா சோறு கிடைக்குமாம்மா என்று சிரிக்கிறான், தடியன்.

ஒரு டன் தாதுவுக்கு எத்தனை டன் வெறும் மண்ணை அள்ள வேண்டும் என்று நீ போனில் சொன்ன கணக்கு அப்போது புரிந்தது, வைத்ததும் மறந்துபோனது. குழிக்குக் கை தூக்குங்கள் என்றதும் தம்பி முகம் கண்ணில் பட்டது, தூக்கிவிட்டேன். சுரங்கத்துக்கு என்றதும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பது உறைத்தது, அதற்கும் தூக்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, உனக்கென்ன பைத்தியமா என்று இடித்தாள். கூட்டம் நடத்த வந்த கம்பெனி என்ஜினீயர் மட்டும் சிரிக்கவில்லை. இந்தம்மா சொல்றதும் சரிதான், தாது சரிவா கீழ போகுது, மேல இருக்கிறத முதல்ல குழி வெட்டி எடுத்துடலாம், ஆழத்துல இருக்கிறதுக்கு அப்புறம் சுரங்கம் போடலாம் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் விளங்கியது, இப்போது வீடும் போகும், பிள்ளையும் இறங்குவான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை!

அப்பாவோ, எனக்கு எல்லாச் சுவரும் ஒண்ணுதான், நீ பிள்ளையப் பாரு என்கிறார். அவனோ, எனக்காக வீட்ட விடாதம்மா என்கிறான். இப்படி ஆளாளுக்கு விட்டுக்கொடுத்தால் நான் யார் பக்கம் நிற்பது? வெள்ளிக்கிழமை முடிவெடுக்க மறுபடி கேட்பார்கள். என்ஜினீயராகப் பதில் எழுதாதே, அவன் அக்காவாக எழுது. எதைச் சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதப் பார்த்தேன், மனசு வரவில்லை.

நோய்நொடியில்லாமல் நன்றாக இரு, கண்ணே. நீ சுரங்கத்துக்குள் போகிற நாளில் மேலே ஏறி வந்ததும் போன் பண்ண மறக்காதே. அந்த ஒரு போன் வரும்வரையே எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படுவதில்லை. அவனும் இறங்கினால் இரண்டு போனுக்கு எப்படியடி காத்திருப்பேன்?

உன் அம்மா