ஆறாவது வாரத்துக் குறிப்பு

பூதலப்பட்டு,
செவ்வாய், அக்டோபர் 14

அன்பு மகள் பிரித்திகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் தொண்டை வலி குறைந்ததா? வெந்நீர் குடிக்கிறாயா?

உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் கொடுப்பார்கள். இது அதுவரை பொறுக்காது. அதனால் எழுதி, எதிர்வீட்டு சபீனாவிடம் கொடுக்கிறேன். திருப்பதி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் நாளைக் காலை உன் வார்டனிடம் சேர்த்துவிடுவாள். “இந்தக் காலத்துல லெட்டரா? இன்னாக்கா, அண்ணனுக்குத் தெரியுமா?” என்று சிரித்தாள்.

மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் முடிந்து அப்பா பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார். எனக்குப் பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் ஏற்றும் வேலை. தினமும் சித்தூர் போய் வருவதற்குள் இருட்டிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ போனில் சொன்னாய். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கிவிட்டார்கள், வகுப்புத் தேர்வில் உன்னைவிட நாலு மார்க் கூட வாங்கிய அகிலாவின் பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை என்று. “இவ தேறமாட்டான்னு உட்டுட்டாங்க போலம்மா” என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு அப்பாவிடம், திரும்பி வந்து சித்தூரிலேயே பி.காம் சேர்ந்துகொள்கிறேன் என்று அழுதாய். சனிக்கிழமை வந்து டி.சி. வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றார் அவர்.

உன்னை யாரும் விட்டுவிடவில்லை. உன் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை எடுக்க வைத்தது நான்.

செப்டம்பர் கடைசியில் என் போனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து உன்னைப் பற்றிய ஆறாவது வாரத்துக் குறிப்பு வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வரி. வேதியியலில் நன்று, ஆங்கிலத்தில் நன்று. கணக்கில், ‘வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார், சந்தேகம் கேட்பதில்லை, அடிப்படையில் உதவி தேவை’ என்று சிவப்பில் இருந்தது. கீழே ஒரு கேள்வி. மாலை வகுப்பு ஏழு மணி வரை நடக்கும். விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே வரவேண்டும் என்பதால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம், சம்மதமில்லை. பள்ளியில் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு ‘சம்மதமில்லை’ என்று அழுத்தினேன். உன்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை.

இருட்டுக்குப் பயந்து செய்யவில்லை. சிவப்பில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு நீ பதினொன்றாவது படித்த இன்டர் காலேஜ்தான் ஞாபகம் வந்தது. மாதத் தேர்வில் குறைந்ததும் உன்னை ஏ செக்‌ஷனிலிருந்து சி செக்‌ஷனுக்கு மாற்றினார்களே, அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடாமல் போனாய். காணிப்பாக்கம் கோயிலில் தன் மகன் யஸ்வந்துக்கு மொட்டை போட்ட அன்று உன் அத்தை சுந்தரி எல்லோருக்கும் கேட்கும்படி, “இன்னா அண்ணி, சி செக்‌ஷன்ல சமையல் கத்துத் தர்றாங்களாமே?” என்றாள். மறுநாளே நான் போய் வைஸ் பிரின்சிபாலிடம் கெஞ்சி உன்னைத் திரும்ப ஏ செக்‌ஷனுக்கே மாற்றிக்கொண்டு வந்தேன். ஸ்பெஷல் கிளாஸ் என்றால் ஒதுக்கி உட்கார வைப்பது என்று அங்கே பழகிவிட்டது எனக்கு. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அவமானம் உனக்கா எனக்கா என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

நேற்று லீவு போட்டு, உன் மென்டர் ஸ்வர்ணலதா மேடத்தைப் பார்க்கத் திருப்பதி வந்திருந்தேன். அவர் திட்டவில்லை. தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். அந்தக் குறிப்பு எந்த மார்க் லிஸ்டிலும் ஏறாதாம். மிட் தேர்வில் விழுந்தபிறகு தெரிந்து என்ன பயன், முன்னாலேயே தெரிந்தால் சரிசெய்யலாம் என்றுதான் ஆறாவது வாரத்தில் அனுப்புகிறார்களாம். உங்கள் வகுப்பில் பத்தொன்பது பேருக்கு அப்படி வந்ததாம். பையன்களுக்குச் சம்மதமே கேட்பதில்லை. பெண்களில் இரண்டு வீட்டில் மட்டும் மறுத்திருக்கிறார்கள். இரண்டிலும் அழுத்தியது அம்மா.

இப்போது சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது போதாதாம். “அம்மா வேண்டாம் என்றால் எடுப்பது, வேண்டும் என்றால் சேர்ப்பது, இது என்ன எல்.கே.ஜி.யா? பதினெட்டு வயதாகிவிட்டது. அவள் வந்து கேட்கட்டும்” என்றார். வெள்ளிக்கிழமை நாலரை மணியோடு புதுப் பெயர் சேர்ப்பதை நிறுத்திவிடுவாராம்.

உன்னைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், வகுப்பு கெட்டுவிடும் என்றேன். வகுப்புக்காக இல்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “எனக்குக் காட்டியிருந்தா நானும் வேணாம்னுதான் போட்டிருப்பேன். ஏழு மணி வரைக்கும் பொம்பளப் புள்ளைய எப்படி உட்றது?” என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. சனிக்கிழமை வருவதை நிறுத்தச் சொன்னேன். பாப்பா என்ன முடிவு செய்கிறாளோ பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

பி.காம் உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் வா. நான் தடுக்கமாட்டேன், சுந்தரி அத்தை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் யாரோ உன்னைக் கைவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வராதே. அது நடக்கவில்லை.

மேடத்தின் அறை உங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடி, படியேறியதும் இடப்பக்கம். கதவு திறந்தே இருக்கும். நீ கூச்சப்படுவாய், தெரியும். எங்கள் அம்மா தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல். என்மேல் எவ்வளவு பழி வேண்டுமானாலும் போடு. அதற்குப் பிறகு எனக்கு வகுப்பு வேண்டும் மேடம் என்று ஒரு வார்த்தை மட்டும் உன் வாயால் கேட்டுவிடு, கண்ணு. அதை உனக்காக நான் கேட்க முடியாது.

நல்லா இரு.

உன் அம்மா,
கன்னிகா